கூரையை முதலில் மூடுங்கள், வழக்கைப் பிறகு பார்ப்போம்

வாசகர் கேள்விக்குச் சட்டத்தரணியின் பதில்

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில், பெற்றோர் கட்டிய மாடியில்லாத பழைய வீட்டில் இவர் இருக்கிறார். கணவர் காலமாகிவிட்டார். 82 வயது மாமியார் கூட இருக்கிறார். வீட்டு உறுதியில் பாதி இவருடையது, மறுபாதி ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவுடையது. ஏப்ரல் கடைசியில் ஒரு பின்னேரம் இடிமின்னலோடு வீசிய காற்றில், பக்கத்து வளவுப் பலா மரத்தின் பெரிய கவர் (கிளை) ஒன்று பிளந்து, மதிலைத் தாண்டிக் குசினிக்கும் பின்னறைக்கும் மேல் விழுந்தது. அஸ்பெஸ்டஸ் சீட் 11 உடைந்தன. கைமரங்கள் முறிந்தன, பீலி கழன்றது, சீலிங் ஊறி இறங்கியது. பிரிட்ஜ் நனைந்து பழுதாகிவிட்டது. திருத்த வேலை செய்யும் பாஸ் எழுதிக் கொடுத்த மதிப்பீடு 740,000 ரூபா. அதில் 60 வீதத்தை முற்பணமாகக் கேட்கிறார்.

பக்கத்து வீட்டு மாத்தயா 20 வருடப் பழக்கம். பொங்கலுக்கு இங்கிருந்து சர்க்கரைப் பொங்கலும் சிங்களப் புத்தாண்டான அவுருதுக்கு அங்கிருந்து கவும் பலகாரமும் மதிலுக்கு மேலால் போய்வரும் உறவு. அவர், “இது கடவுள் செயல். பலா மரத்தை அனுமதியில்லாமல் வெட்ட முடியாது, நான் என்ன செய்ய?” என்கிறார். ஆனால் அவருடைய மனைவி ஒரு கடித உறையில் 50,000 ரூபா வைத்து நீட்டியிருக்கிறார். இவர் அதை வாங்கவில்லை. இதற்கிடையில் விழுந்த கவரைத் துண்டுபோட்டு, வரும் ஞாயிறு மரக்காலைக்கு அனுப்பப் போகிறார்களாம்.

வங்கிக் கடனுக்காக எடுத்த வீட்டுக் காப்புறுதி 60 இலட்சத்துக்கு இருக்கிறது. தொலைபேசியில் சொன்னபோது, “எங்கள் ஆள் வந்து பார்க்கும்வரை எதையும் தொடவேண்டாம்” என்று பதில். 18 நாளாக யாரும் வரவில்லை. பழுதுபார்த்தால் ஆதாரம் அழிந்துவிடும், ஒரு சதமும் கிடைக்காது என்று ஒழுங்கையில் ஒருவர் சொல்லியிருக்கிறார். முதலில் வழக்குப் போடு, அதுவரை காசு செலவழிக்காதே என்பது அண்ணாவின் கட்டளை. இப்போது ஒரு தறப்பாளுக்குக் கீழே, முன்னறையில் மாமியாரோடு படுத்தெழும்புகிறார். “நான் வழக்குப் போடலாமா? காப்புறுதியும் அவரும் இரண்டு பேருமே தருவார்களா? அதுவரை இப்படியே இருக்கத்தான் வேண்டுமா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இருக்க வேண்டியதில்லை. இருக்கவும் கூடாது. உங்களைச் சுற்றியுள்ள எல்லாரும், நல்லெண்ணத்தோடுதான், காத்திருக்கச் சொல்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நட்டத்துக்கு ஆளானவர் அந்த நட்டம் மேலும் பெருகாமல் நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது நட்டஈட்டுச் சட்டத்தில் அடிப்படையான விதி. காப்புறுதி ஒப்பந்தங்களிலும் அநேகமாக இதே நிபந்தனை எழுதப்பட்டிருக்கும். பலா விழுந்த அன்று உடைந்த 11 சீட்டுக்கு ஒருவர் பொறுப்பாகலாம். அதன்பின் மூன்று வாரம் மழை உள்ளே போய் மின்கம்பி ஊறி, சுவர் பூச்சுக் கழன்று, மரச்சட்டம் உழுத்தால், “அது நீங்கள் மூடாமல் விட்டதால் வந்தது” என்று கம்பனியும் சொல்லும், பக்கத்து வீட்டாரின் சட்டத்தரணியும் சொல்வார். இரண்டு பேரும் சொல்வது எடுபடக்கூடும்.

இன்னொன்றும் இருக்கிறது. மே மாதம் நடுப்பகுதிக்குப் பிறகு தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து நேரே உங்கள் ஒழுங்கைக்குள் வரும். ஏப்ரல் மழை பின்னேரத்தில் பெய்து ஓய்ந்துவிடும். பருவமழை அப்படியில்லை, இராப்பகலாகப் பெய்யும். கயிற்றில் கட்டிய தறப்பாள் அதற்கு நிற்காது. 82 வயது மாமியாரை ஈரச் சுவருக்குப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு யாருடைய பதிலுக்காகவும் காத்திருக்காதீர்கள்.

ஆதாரம் அழியும் என்ற பயம் முழுவதும் பிழையானதல்ல. எதையும் பதிவு செய்யாமல் திருத்தினால் அழியும்தான். பதிவு செய்துவிட்டுத் திருத்தினால் அழியாது. அதற்கு உங்களுக்கு ஒரு முழுநாள் போதும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்

முதலில் அந்த மரத்துண்டு. உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் கவலை தந்த வரி அதுதான். பிளந்த இடத்தில் மரம் உள்ளே உழுத்திருந்ததா, கறையான் தின்றிருந்ததா, கோறையாக இருந்ததா என்பதில்தான் பக்கத்து வீட்டார் பொறுப்பா இல்லையா என்ற கேள்வியே தங்கியிருக்கிறது. அந்தத் துண்டு மரக்காலைக்குப் போய்ப் பலகையாகிவிட்டால் பிறகு வாய்ச்சொல்லுக்கு எதிராக வாய்ச்சொல்தான். மரம் அவருடையது. அதைக் கொண்டுபோகாதே என்று மறிக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. ஆனால் உங்கள் வளவில் விழுந்த பகுதியை நீங்கள் எவ்வளவும் படம் எடுக்கலாம். பிளந்த முகத்தைக் கிட்ட நின்று, பக்கத்தில் அளவுகோல் ஒன்றை வைத்து எடுங்கள். மரத்தில் மிச்சமாக நிற்கும் பிளவையும் மதிலுக்கு இப்பால் நின்று எடுங்கள். ஓர் அடித் துண்டு தரும்படி மரியாதையாகக் கேட்டும் பார்க்கலாம். தந்தால், தந்தார் என்று குறித்து வையுங்கள். தராவிட்டாலும் கேட்டதைக் குறித்து வையுங்கள்.

அடுத்தது கூரை. மேலே ஏற வேண்டாம், யாரையும் ஏற்றவும் வேண்டாம். பழைய அஸ்பெஸ்டஸ் சீட் ஆளின் பாரத்தைத் தாங்காது. சீட்டுக்குள்ளால் விழுந்து செத்தவர்கள், நடக்க முடியாமல் போனவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். வெள்ளவத்தையில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. சுற்றிவர மாடிக் குடியிருப்புகள். பின்பக்கத்துக் குடியிருப்பில் மூன்றாம், நான்காம் மாடியில் இருப்பவர் ஒருவரிடம் கேட்டு, அவர்களுடைய பல்கனியிலிருந்து முழுக் கூரையையும் படம் எடுங்கள். மரம், மதில், உங்கள் கூரை மூன்றும் ஒரே படத்தில் வந்தால் அதுவே பாதிச் சாட்சி. பிறகு வீட்டுக்குள் ஒவ்வோர் அறையாக, வாசலில் நின்று ஒன்று, கிட்டப் போய் இரண்டு மூன்று. கைபேசியில் இருக்கும் மூலப் படங்களை அழிக்காதீர்கள். வட்ஸ்அப்பில் அனுப்பும் பிரதியில் தேதியும் நேரமும் காணாமல் போய்விடும்.

பின்னறை மின்கம்பிகளை மின்தொழில் தெரிந்த ஒருவர் பார்க்கும்வரை அந்தப் பக்கத்து மின்சாரத்தை நிறுத்தி வையுங்கள். பிரிட்ஜைக் கழிக்க வேண்டாம். திருத்துபவரிடம் காட்டி, எதனால் பழுது, திருத்த எவ்வளவு அல்லது திருத்த முடியாது என்று ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள்.

வெள்ளவத்தைப் பொலிஸில் ஒரு முறைப்பாட்டுப் பதிவு போட்டு அதன் பிரதியை எடுங்கள். யாரையும் கைது செய்யச் சொல்வதற்காக அல்ல. இன்ன நாள், இன்ன நேரம், இன்ன மரம், இன்ன சேதம் என்ற பதிவுக்காக. அங்கே முக்கியமான ஒன்று: உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பம் வைக்காதீர்கள். 1987இல் வந்த 13வது திருத்தத்தோடு தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. தமிழில் எழுதும்படி கேட்பது சலுகை கேட்பதாகாது. எழுத அலுவலர் இல்லையென்றால், எழுதியதைத் தமிழில் வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போவது இன்னும் நல்லது. கிராம உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள். அனர்த்த நிவாரணம் ஏதும் கிடைக்குமானால் அது அவருடைய அறிக்கையில் தொடங்கி திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தால்தான் வரும். அதில் பெரிதாக நம்பிக்கை வைத்து மற்ற வேலைகளைத் தள்ளிப் போடாதீர்கள்.

இது எல்லாம் முடிந்ததும் கம்பனிக்கு எழுத்தில், மின்னஞ்சலாகவும் பதிவுத் தபாலாகவும், ஏறக்குறைய இப்படி எழுதுங்கள்: “இன்ன திகதியில் நடந்த சேதத்தை இன்ன திகதியில் தொலைபேசியில் அறிவித்தேன். இதுவரை உங்கள் மதிப்பீட்டாளர் வரவில்லை. வீட்டில் முதியவர் இருக்கிறார், பருவமழை நெருங்குகிறது. மேலதிக சேதத்தைத் தடுப்பதற்காக இன்ன திகதி காலை கூரை வேலையைத் தொடங்குகிறேன். அதற்கு முன் வந்து பார்வையிடலாம். படங்களும் மதிப்பீடும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. அகற்றும் பொருட்களில் மாதிரிகள் உங்கள் பார்வைக்காக வைத்திருக்கப்படும்.” மூன்று வேலை நாள் இடைவெளி கொடுத்தால் நியாயமானது. அன்றே வந்து நின்றாலும் ஆச்சரியமில்லை. எழுத்தில் திகதி போட்டுக் கேட்டால் வேலை நடக்கும் என்பது இத்தனை வருடத்தில் நான் கண்டது.

தொலைபேசியில் சொன்ன “தொடவேண்டாம்” என்பதை யார் சொன்னது, எப்போது சொன்னது என்று நினைவிருப்பதை இன்றே குறித்து வையுங்கள். அந்த ஒரு வசனம் பின்னால் உங்களுக்குப் பயன்படும். தாமதம் உங்களுடையதல்ல என்று காட்டும்.

அஸ்பெஸ்டஸ் பற்றி ஒரு வார்த்தை

இது என் துறை இல்லை, ஆனால் சொல்லாமல் போக மனம் வரவில்லை. முழுதாக இருக்கும் அஸ்பெஸ்டஸ் சீட்டை விட உடைந்த சீட் ஆபத்தானது. உடைந்த இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும். அது நுரையீரலில் தங்கினால் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரலாம். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. நம் நாட்டில் நீல அஸ்பெஸ்டஸ் 1987இல் தடைசெய்யப்பட்டது. வெள்ளை அஸ்பெஸ்டஸையும் 2018 முதல் படிப்படியாக நிறுத்துவதாக இருந்தது. 2017 டிசம்பரில், அஸ்பெஸ்டஸை ஏற்றுமதி செய்யும் ரஷ்யா நம் தேயிலையை வாங்குவதை நிறுத்தியபோது அந்த முடிவு தள்ளிப்போனது. அதனால் இன்றும் கடையில் வாங்கலாம். வாங்கலாம் என்பதற்காகப் பாதுகாப்பானது என்று எடுக்க வேண்டாம்.

ஆகவே துண்டுகளைக் கூட்டுமாற்றால் கூட்டாதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் ஒற்றி, தடித்த பையில் இரட்டையாகக் கட்டுங்கள். பாஸ் கிரைண்டரால் சீட்டை வெட்டுவதை வீட்டில் அனுமதிக்கவே வேண்டாம். துணி மாஸ்க் இந்தத் தூசுக்குப் போதாது. கம்பனிக்குக் காட்ட இரண்டு துண்டை மட்டும் நனைத்துப் பொதிசெய்து வெளியே ஓரமாக வையுங்கள். மிச்சத்தை எங்கே, எப்படி ஒப்படைப்பது என்று மாநகர சபையிடம் கேளுங்கள். ஒழுங்கை முனைக் குப்பையோடு போட வேண்டாம், அங்கே பிள்ளைகள் விளையாடுவார்கள். புதிதாகப் போடும்போது வேறு பொருளுக்கு மாற முடியுமானால் மாறுங்கள். விலை வித்தியாசத்தைக் காப்புறுதியோ பக்கத்து வீட்டாரோ தரமாட்டார்கள், அது உங்கள் செலவு. ஆனால் செய்யத் தகுந்த செலவு.

பலா மரமும் பக்கத்து வீட்டாரும்

இப்போது உங்கள் முதலாவது கேள்வி. வழக்குப் போடலாம். வெல்ல முடியுமா என்பது வேறு.

மரத்தின் சொந்தக்காரர் என்பதற்காக மட்டும் ஒருவர் நட்டஈடு கட்ட வேண்டியதில்லை. நம் நாட்டுப் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்தில் அவருடைய கவனயீனத்தைக் காட்ட வேண்டும். நல்ல, ஆரோக்கியமான மரம் பெருங்காற்றில் முறிந்தால் அது அவர் குற்றமில்லை, உங்கள் நட்டம் உங்களோடுதான். மரம் ஆபத்தாக இருந்தது, அது அவருக்குத் தெரியும் அல்லது தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் ஒன்றும் செய்யவில்லை என்றால் கதை மாறும். “கடவுள் செயல்” என்ற வாதமும் அங்கேதான் பலவீனமாகும். கொழும்பில் மார்ச், ஏப்ரலில் பின்னேர இடியோடு காற்று வீசுவது வருடா வருடம் நடப்பது. யாரும் எதிர்பார்த்திருக்க முடியாத ஒன்று என்று சொல்வது கடினம். அன்றைய காற்று, மழை விபரத்தை வளிமண்டலவியல் திணைக்களத்திடம் விண்ணப்பித்துப் பெறலாம்.

உங்கள் கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். போன ஒக்டோபரில் அந்தக் கவரில் காளான் பூத்திருப்பதைப் படம் எடுத்து ஒழுங்கை வட்ஸ்அப் குழுவில் போட்டீர்கள், “பார்க்கிறேன்” என்று அவர் பதில் போட்டார் என்று. சகோதரி, உங்கள் வழக்கே அதுதான். அவருக்கு முன்கூட்டியே தெரியும் என்பதற்கு அவருடைய கையாலேயே எழுதிய அத்தாட்சி. அந்த உரையாடலை அழிக்காதீர்கள், கைபேசியை மாற்றாதீர்கள், குழுவை விட்டு வெளியேறாதீர்கள். இலத்திரனியல் பதிவுகளைச் சான்றாக ஏற்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டமும் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமும் வழி செய்கின்றன. திரைப் பிரதி எடுத்துவிட்டு மூலத்தைக் கைவிடுவது நாம் வழக்கமாகப் பார்க்கும் பிழை.

பலாவுக்கு அனுமதி வேண்டும் என்பது உண்மை. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் பலா, ஈரப்பலா, பெண் பனை இவற்றைச் சொந்த வளவில் நின்றாலும் அனுமதியின்றித் தறிக்க முடியாது. ஆனால் அனுமதி வேண்டும் என்பதும் அனுமதி கிடைக்காது என்பதும் ஒன்றல்ல. வீட்டுக்கு ஆபத்தான மரம் என்பது அனுமதி கேட்பதற்கு நல்ல காரணம். ஆகவே கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஒக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் அவர் பிரதேச செயலகத்துக்கு ஒரு விண்ணப்பமாவது போட்டாரா? போட்டு, அவர்கள் இழுத்தடித்திருந்தால் அவருக்கு நல்ல விடை இருக்கிறது. போடவேயில்லை என்றால் இந்தச் சட்டம் அவருக்குக் கைகொடுக்காது.

மிச்ச மரமும் உங்கள் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்கிறீர்கள். அதற்கு நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. மாநகர சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் முறையிடுங்கள். அசையாவிட்டால், விழுந்து பிறருக்குக் காயம் விளைவிக்கக்கூடிய மரத்தை அகற்றவோ தாங்கு கொடுக்கவோ உத்தரவிட நீதவானுக்கு 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவில் அதிகாரம் இருக்கிறது. ஆள்பிடித்து நீங்களே வெட்டுவிக்க வேண்டாம். அது பலா.

அந்த 50,000 ரூபா. வாங்காமல் விட்டது பிழையில்லை, ஆனால் வாங்கினால் உரிமை போய்விடும் என்று நினைத்திருந்தால் அது சரியில்லை. திரும்பத் தந்தால் வாங்கலாம். எழுதும் சிட்டையில் “பகுதிக் கொடுப்பனவு” என்று இருக்க வேண்டும். “முழுத் தீர்வு”, “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” போன்ற வார்த்தை ஒன்று இருந்தாலும் கையொப்பமிட வேண்டாம். வாங்கினால் காப்புறுதிக் கம்பனிக்கும் தெரிவியுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அடுத்த படி, நீதிமன்றத்துக்கு முன், ஒரு கோரிக்கைக் கடிதம். கோபமில்லாமல், நடந்ததையும் ஒக்டோபர்ச் செய்தியையும் தொகையையும் சொல்லி, 14 நாள் அவகாசம் கொடுத்து. அதற்கும் சரிவராவிட்டால் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் குறிப்பிட்ட பெறுமதிக்குட்பட்ட பிணக்குகள் முதலில் அங்கே போயாக வேண்டும், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் எடுக்காது. அதற்கு மேற்பட்ட பெறுமதியானாலும் இரண்டு தரப்பும் விரும்பிப் போகலாம். உங்களைப் போன்ற விடயத்துக்கு, மனம் திறந்து சொல்வதானால், புதுக்கடை நீதிமன்றப் படிகளை விட அந்த மேசை பொருத்தமானது. கட்டணமில்லை, சட்டத்தரணிகளுக்கு அங்கே இடமில்லை, மூன்று பேர் இருந்து இரண்டு பக்கமும் கேட்பார்கள். வழக்கு வருடக்கணக்கில் ஓடும். அத்தனை வருடமும் அந்த மதிலுக்கு இரு பக்கமும் நீங்கள் இரண்டு குடும்பமும் வாழ வேண்டும். அவர் மனைவி பண உறையோடு வந்ததை நான் சின்ன விடயமாக எடுக்கவில்லை.

ஆனால் காலத்தை மறக்காதீர்கள். பிறர் கவனயீனத்தால் வந்த நட்டத்துக்கான இப்படியான தீங்கியல் வழக்கை, 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சேதம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். “தருகிறேன், தருகிறேன்” என்று பேசிக்கொண்டிருக்கும்போதே அது கழிந்துவிடும்.

காப்புறுதியில் எவ்வளவு வரும்?

பாலிசிப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். வங்கியில் இருந்தால் பிரதி கேளுங்கள், தரவேண்டும். முதலில் பார்க்க வேண்டியது புயல், சூறாவளி என்ற ஆபத்துகள் உங்கள் அட்டவணையில் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்பது. கடனுக்காக எடுக்கும் பாலிசிகளில் தீ மட்டும் இருந்து, மற்றவை மேலதிகக் கட்டணத்துக்கு விடப்பட்டிருப்பது உண்டு. இரண்டாவது, காப்புறுதி கட்டடத்துக்கு மட்டுமா, உள்ளே உள்ள பொருட்களுக்கும் சேர்த்தா? வங்கிக்குத் தேவை கட்டடம்தான். ஆகவே பிரிட்ஜ் அதில் அடங்காமல் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மூன்றாவதுதான் பலருக்கும் அதிர்ச்சி தருவது. 60 இலட்சத்துக்குக் காப்புறுதி இருப்பதால் 740,000 ரூபா சேதம் முழுவதும் வரும் என்று நீங்கள் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். வீட்டை இன்று புதிதாகக் கட்டுவதற்கு ஆகும் செலவு 120 இலட்சம் என்று மதிப்பீட்டாளர் கண்டால், நீங்கள் பாதிக்குத்தான் காப்புறுதி செய்திருக்கிறீர்கள் என்று பொருள். சராசரி விதி என்ற நிபந்தனை பாலிசியில் இருந்தால் சேதத்திலும் பாதியைத்தான் தருவார்கள். 370,000. அதிலும் நீங்கள் ஏற்க வேண்டிய முதற்பகுதி கழியும். இங்கே நீங்கள் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒப்பிட வேண்டியது கட்டடத்தைத் திரும்பக் கட்டும் செலவோடு. வெள்ளவத்தைக் காணி விலை அந்தக் கணக்குக்குள் வரக்கூடாது. உங்கள் வளவில் பெறுமதியின் பெரும்பங்கு காணிதான். அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் உங்கள் பங்கு அநியாயமாகச் சுருங்கும். மதிப்பீட்டாளர் எந்தத் தொகையை வைத்துக் கணக்கிட்டார் என்று எழுத்தில் கேளுங்கள்.

“பழைய சீட், தேய்மானம்” என்றும் சொல்லக்கூடும். தேய்மானத்தால் தானாக ஒழுகிய கூரைக்குத் தரமாட்டார்கள் என்பது சரி. உங்கள் கூரை ஒழுகி உடையவில்லை, கவர் விழுந்து உடைந்தது. பழைய பொருளுக்குப் பதில் புதியது போடுவதற்காக ஒரு விகிதத்தைக் கழிப்பது வேறு, கோரிக்கையையே மறுப்பது வேறு. அவர்கள் தரும் படிவம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால் விளங்காமல் கையொப்பமிட வேண்டாம்.  ஒருநாள் வைத்து வாசித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

இரண்டு பக்கமும் பணம் கிடைக்குமா என்று கேட்டீர்கள். ஒரே நட்டத்துக்கு இரண்டு தரம் பெற முடியாது. ஆனால் கம்பனி தராத பங்கை, அதாவது முதற்பகுதி, சராசரி விதியால் குறைந்தது, பிரிட்ஜ் ஆகியவற்றைப் பக்கத்து வீட்டாரிடம் கேட்கலாம். கம்பனி உங்களுக்குக் கொடுத்த பணத்தை அவரிடமிருந்து அறவிடும் உரிமை கம்பனிக்குப் போகிறது. அதனால்தான் அவரோடு நீங்கள் தனியாக “எல்லாம் தீர்ந்தது” என்று எழுதிக்கொண்டால், எங்கள் உரிமையைக் கெடுத்துவிட்டீர்கள் என்று கம்பனி உங்கள் கோரிக்கையையே நிறுத்தக்கூடும். சமாதானமாகப் போவதானாலும் அவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். வங்கிக்கும் ஒரு கடிதம் போடுங்கள். பாலிசியில் வங்கியின் உரித்துக் குறிக்கப்பட்டிருந்தால் காசோலை அவர்கள் பெயரையும் சேர்த்து வரலாம்.

மறுத்தாலோ மிகக் குறைத்தாலோ, முதலில் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதி, அவர்களுடைய முடிவான பதிலை எழுத்தில் பெறுங்கள். அதன் பிறகு காப்புறுதிப் பிணக்குகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாக முறையிடலாம். இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் போகலாம். மறுப்புக்குப் பின் எத்தனை மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று பாலிசியிலேயே ஒரு காலம் எழுதியிருக்கும், அதை அடிக்கோடிட்டு வையுங்கள்.

பாஸும் அண்ணாவும்

60 வீத முற்பணம் அதிகம். சீட்டையும் மரத்தையும் நீங்களே கடையில் வாங்கிக் கொடுத்து, பற்றுச்சீட்டை உங்கள் பெயரில் எடுங்கள். கூலியை மட்டும் பாஸுக்கு மூன்று தவணையாக, கடைசித் தவணையை ஒரு நல்ல மழை பெய்து பார்த்த பின் கொடுங்கள். ஒவ்வொரு தடவையும் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொகை, திகதி, கையொப்பத்தோடு ஒரு துண்டு. இன்னொரு பாஸிடமும் ஒரு மதிப்பீடு எடுங்கள். ஒற்றை மதிப்பீட்டை மதிப்பீட்டாளர்கள் நம்பமாட்டார்கள். இருந்தபடி திருத்துவதும், சந்தர்ப்பத்தோடு சந்தர்ப்பமாகக் கொங்கிரீட் தட்டுப்போட்டு மாடி எடுப்பதும் ஒன்றல்ல. இரண்டாவதற்கு மாநகர சபை அனுமதி வேண்டும், அதை இந்தச் செலவோடு கலக்கவே கூடாது.

அண்ணா பாதிப் பங்குக்காரர். வீட்டை விற்கவோ புதிதாகக் கட்டவோ அவருடைய சம்மதம் வேண்டும். வீடு அழியாமல் காப்பதற்கான அவசியத் திருத்தத்துக்கு வேண்டியதில்லை. அப்படியான செலவில் அவருடைய பங்கைப் பின்னர் அவரிடம் கேட்கும் உரிமையும் கூட்டு உரிமையாளராக உங்களுக்கு உண்டு. தூரத்தில் இருப்பவருக்கு ஒழுகும் கூரை தெரியாது, கோபம்தான் தெரியும். அவரோடு தொலைபேசியில் வாதாட வேண்டாம். மாடியிலிருந்து எடுத்த படத்தையும் இரண்டு மதிப்பீட்டையும் கம்பனிக்கு எழுதிய கடிதத்தையும் மின்னஞ்சலில் அனுப்பி, “திங்கட்கிழமை வேலை தொடங்குகிறேன், உங்கள் பங்கு இவ்வளவு” என்று எழுதுங்கள். வழக்கு என்று வந்தால் அவரும் ஒரு வழக்காளியாக வேண்டியிருக்கலாம். அதற்கு அங்குள்ள நம் தூதரக அலுவலகத்தில் அற்றோணித் தத்துவம் ஒன்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வந்து சேர வாரங்கள் எடுக்கும், இப்போதே கேட்டு வைக்கலாம்.

ஓய்வூதியத்தில் சட்டச் செலவு தாங்காது என்று தயங்க வேண்டாம். புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவில் வருமானத்தைக் காட்டி உதவி கேட்கலாம், தமிழில் கதைக்கலாம். போகும்போது உறுதிப் பிரதி, பாலிசி, பொலிஸ் பதிவு, படங்கள், பற்றுச்சீட்டுகள், அந்த ஒக்டோபர் வட்ஸ்அப் உள்ள கைபேசி, எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டு போங்கள்.